துன்பநூலும் பதிப்பாசிரியரின் பொறுப்பும்: ஸெய்தி அலி ரயீஸின் கடல் நினைவுகள்

ஒரு நூல் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைப் போலவே, அது எவ்வாறு பதிப்பிக்கப்பட்டது என்பதும் அந்நூலின் வரலாற்றில் அடங்கும். கையெழுத்துப் பிரதிகளின் காலத்தில் நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். படியெடுத்த பிரதியை மூலத்தோடு வரிவரியாக ஒப்புநோக்கும் 'முகாபலா' முடிந்த பின்னரே அப்பிரதி நம்பத்தக்கதாகக் கொள்ளப்பட்டது. அச்சு வந்த பிறகு இந்தக் கவனம் எல்லா நூல்களுக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. ஹதீஸ், ஃபிக்ஹ் போன்ற துறைகளின் நூல்களுக்குத் தேர்ந்த பதிப்பாசிரியர்கள் வாய்த்தனர். கடலோடிகள், வணிகர்கள், படைவீரர்கள் ஆகியோர் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளோ பெரும்பாலும் அரைகுறைப் பதிப்புகளாகவே நம் கைக்கு வந்து சேர்ந்தன. அத்தகைய நூல்களுள் ஒன்றையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

உஸ்மானியக் கடற்படைத் தளபதி ஸெய்தி அலி ரயீஸ் 1557ஆம் ஆண்டில் துருக்கி மொழியில் எழுதிய 'மிர்ஆத்துல் மமாலிக்' என்பதே அந்நூல். 'நாடுகளின் கண்ணாடி' என்பது இதன் பொருள். எனினும் நூலின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் இதற்குத் துன்பநூல் என்றே பெயரிட்டிருக்க வேண்டும் என்று ஆசிரியரே முன்னுரையில் சொல்கிறார். தாம் கடந்து வந்த நிலப்பரப்புகளைக் கருதியே வேறு பெயர் வைத்ததாகவும் விளக்குகிறார். இந்த இரு பெயர்களுக்கும் இடையிலான இழுபறிதான் பின்வந்த பதிப்புகள் அனைத்தின் கதையும் ஆகும். நாடுகளின் கண்ணாடியைக் கண்ட பதிப்பாசிரியர்கள் துன்பநூலைக் காணத் தவறிவிட்டனர் என்பதே நமது கருத்து.

கடலில் வளர்ந்த குடும்பம்

ஸெய்தி அலி கடலுக்குப் புதியவர் அல்லர். இஸ்தான்பூல் உஸ்மானியர் வசமான காலந்தொட்டு அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் கலத்தா கப்பல் தளத்தில் பொறுப்பு வகித்தவர்கள். அவரும் இளமையிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1522இல் ரோட்ஸ் தீவு வெற்றி, 1538இல் ஃகைருத்தீன் பார்பரோஸாவின் தலைமையில் நிகழ்ந்த பிரேவேஸா போர், 1551இல் திரிப்போலி வெற்றி ஆகிய அனைத்திலும் பங்கு கொண்டார். கணிதத்திலும் வானவியலிலும் புலமை பெற்றிருந்தார். 'காதிபீ' என்னும் புனைபெயரில் கவிதைகளும் இயற்றினார்.

1553ஆம் ஆண்டின் இறுதியில் ஸுல்தான் ஸுலைமான் ஹலப் நகரில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தபோது ஸெய்தி அலியிடம் ஒரு பணி ஒப்படைக்கப்பட்டது. பஸராவில் தங்கிவிட்ட பதினைந்து துடுப்புப் போர்க்கலங்களை, போர்த்துக்கீசியர் காவல் காக்கும் ஹுர்முஸ் நீரிணையைக் கடந்து, செங்கடல் வழியே எகிப்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே அது.

இக்கலங்கள் பஸராவில் தேங்கியதற்கு ஒரு துயரமான பின்னணி உண்டு. உலகப் படம் வரைந்து புகழ்பெற்ற பீரி ரயீஸ் 1552இல் ஸூயஸிலிருந்து சுமார் முப்பது கலங்களுடன் புறப்பட்டு, மஸ்கத்தைக் கைப்பற்றி, ஹுர்முஸை முற்றுகையிட்டார். கோட்டையை வீழ்த்த இயலாமல் பஸரா சென்ற அவர், கடற்படையை அங்கேயே விட்டுவிட்டுச் சில கலங்களுடன் எகிப்து திரும்பினார். கெய்ரோவில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருக்குப் பின் முராத் பேக் 1553இல் மேற்கொண்ட முயற்சியும் நீரிணையில் தடுக்கப்பட்டது. அனுபவம் மிக்க கப்பல் தலைவர்கள் சிலர் அப்போரில் உயிரிழந்தனர்.

எனவே ஸெய்தி அலி ஏற்றுக்கொண்ட பணியின் மீது முதல் நாளிலிருந்தே ஒரு நிழல் படிந்திருந்தது. கலங்களைக் கொண்டுவர இயலாமல் திரும்பிய தளபதிக்கு என்ன நேரும் என்பதை அவர் நன்கறிவார். நூலைப் படிக்கும் எவரும் மனத்தில் இருத்த வேண்டிய முதல் உண்மை இதுவே.

கடல் தந்த துன்பம்

பஸராவுக்கு வந்த ஸெய்தி அலி கலங்களைப் பழுதுபார்த்து, ஏற்ற பருவத்துக்காக ஐந்து மாதங்கள் காத்திருந்தார். ஹிஜ்ரி 961 ஷஃபான் முதல் நாள், அதாவது 1554 ஜூலை 2 அன்று, பயணம் தொடங்கியது. ரமழான் பத்தாம் நாள், ஆகஸ்ட் 9 அன்று, கோர்ஃபக்கான் அருகே இருபத்தைந்து கப்பல்கள் கொண்ட போர்த்துக்கீசியப் படையை எதிர்கொண்டார். ரமழான் இருபத்தாறாம் நாள், ஆகஸ்ட் 25 அன்று, மஸ்கத் அருகே இரண்டாவது போர் மூண்டது. இம்முறை எதிரியிடம் முப்பத்து நான்கு கலங்கள் இருந்ததாக அவர் கணக்கிடுகிறார். பார்பரோஸாவுக்கும் ஆந்திரேயா தோரியாவுக்கும் நடந்த போரில்கூட இத்தகைய கடும் மோதல் நிகழவில்லை என்று எழுதுகிறார். பிரேவேஸாவில் நேரில் இருந்தவரின் கூற்று என்பதால் இதனை வெறும் அலங்காரமாகத் தள்ளிவிட முடியாது.

இப்போரில் ஆறு கலங்களை இழந்து, எஞ்சிய ஒன்பது கலங்களுடன் காற்றினால் அடித்துச் செல்லப்பட்டு மக்ரான் கரையிலுள்ள குவாதரை அடைந்தார். அங்கே ஆட்சி செய்த மலிக் ஜலாலுத்தீன் உதவி புரிந்தார். மீண்டும் அரபுக் கரையை நோக்கிப் புறப்பட்டபோதுதான் பெரும் புயல் தாக்கியது. பத்து நாட்கள் இடைவிடாத மழை; இரவுக்கும் பகலுக்கும் வேறுபாடு தெரியாத இருள். கலங்களைக் காப்பதற்காக அடிச்சுமைகள் கடலில் எறியப்பட்டன. மேற்குக் கடலின் புயல்கள் இதன் முன் சிறுபிள்ளை விளையாட்டு என்பது அவர் கணிப்பு. ஒரு கட்டத்தில் நீரின் நிறம் திடீரென வெளிற, வழிகாட்டிகள் சுழல் நெருங்கிவிட்டதென்று அலறினர். இறுதியில் பாய்மர உச்சியில் ஏற்றப்பட்ட கப்பலாள் ஒருவர் கரையில் ஒரு கோயிலைக் கண்டார். அவர்கள் குஜராத் கரைக்கு வந்திருந்தனர்.

தமன் அருகே மூன்று கலங்கள் தரைதட்டின. ஆறு மட்டும் ஸூரத்தை அடைந்தன. அவையும் மீண்டும் கடலேறும் நிலையில் இல்லை. வீரர்களில் பெரும்பாலோர் குஜராத் ஸுல்தானிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டனர். கலங்களையும் பீரங்கிகளையும் ஸூரத் ஆளுநர் ஃகுதாவந்த் கானிடம், விலையை உஸ்மானிய அரசுக்கு அனுப்ப வேண்டும் என்னும் நிபந்தனையோடு ஒப்படைத்தார். ஹிஜ்ரி 962 முஹர்ரம் முதல் நாள், 1554 நவம்பர் 26 அன்று, ஏறத்தாழ ஐம்பது பேருடன் நிலவழியே தாயகம் நோக்கிப் புறப்பட்டார். ஸிந்து, முல்தான், லாஹூர், தில்லி, காபூல், ஸமர்கந்து, புகாரா, குவாரிஸ்ம், மஷ்ஹத், கஸ்வீன், பக்தாது என்று நீண்ட அப்பயணம் 1557 மே மாதம் இஸ்தான்பூலில் முடிந்தது. கடற்படைத் தளபதி ஒருவர் கடலை இழந்து, இரண்டரை ஆண்டுகள் நிலத்தில் அலைந்து வீடு திரும்பிய கதை இது. பெருந்துன்பத்துக்கு ஆளானவரை ஸெய்தி அலியின் நிலை வந்துற்றதாகச் சொல்லும் வழக்கு துருக்கி மொழியில் நிலைபெற்றதில் வியப்பில்லை.

பதிப்புகளின் வழித்தடம்

இந்நூல் ஐரோப்பாவுக்கு அறிமுகமானது 1815இல் தீட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் மொழிபெயர்ப்பு வழியாகும். 1826, 1827ஆம் ஆண்டுகளில் மோரிஸ் என்பவர் அந்த ஜெர்மன் வடிவத்திலிருந்து பிரெஞ்சில் பெயர்த்தார். துருக்கி மூலத்தைப் பாராமல் செய்யப்பட்ட, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு அது. துருக்கி மூலம் ஹிஜ்ரி 1313இல், 1895ஆம் ஆண்டளவில், இஸ்தான்பூலில் அச்சேறியது. 1899இல் ஹங்கேரிய அறிஞர் ஆர்மின் வாம்பெரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனில் வெளியானது. 1917இல் அமெரிக்காவில் கீழை நாடுகளின் புனித நூல்களையும் பழைய இலக்கியங்களையும் தொகுத்த வரிசை ஒன்றில் அது இடம்பெற்றது. இந்தியாவில் ஆங்கிலம் வழியாக இந்நூலை அறிந்தோர் பெரும்பாலும் அறிந்தது வாம்பெரியின் வடிவத்தையே. ஆகவே நமது விமர்சனமும் அதனையே மையமாகக் கொள்கிறது.

வாம்பெரியின் தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1863இல் தர்வேஷ் கோலத்தில் மத்திய ஆசியாவைச் சுற்றி வந்த அவருக்குப் புகாராவும் குவாரிஸ்மும் நேரில் பழகிய இடங்கள். துருக்கிய மொழிகளில் அவருக்கிருந்த புலமையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் ஒருவருடைய பலமே அவருடைய பார்வைக்கு எல்லையும் ஆகிவிடுவதுண்டு. வாம்பெரி நிலத்தின் பயணி. ஸெய்தி அலியின் நூலில் அவர் தேடியதும் கண்டதும் நிலமே.

குறைகள் எங்கே?

முதலாவது, தலைப்பு. துருக்கிய அமீரல் ஸீதி அலி ரயீஸ் 1553 முதல் 1556 வரை இந்தியா, ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா, பாரசீகம் ஆகியவற்றில் மேற்கொண்ட பயணங்களும் சாகசங்களும் என்பது ஆங்கிலப் பதிப்பின் தலைப்பு. நூல் ஒரு கடற்படைத் தளபதியுடையது; ஆனால் தலைப்பில் கடல் இல்லை. ஆசிரியர் பக்தாதுக்கும் இஸ்தான்பூலுக்கும் வந்து சேர்ந்தது 1557இல். தலைப்போ 1556இல் முடிந்துவிடுகிறது. ஆசிரியர் துன்பம் என்று சொன்னதைப் பதிப்பு சாகசம் என்று சொல்கிறது. வாசகர் முதல் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அவருடைய எதிர்பார்ப்பு திசைமாறிவிடுகிறது.

இரண்டாவது, காலக்குறிப்பு. பல இடங்களில் ஹிஜ்ரி மாதமும் நாளும் மட்டும் நிற்கின்றன. ஆண்டையும் அதற்கு ஈடான ஐரோப்பியத் தேதியையும் வாசகரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. கடற்பயணத்தில் தேதி என்பது வெறும் அலங்காரமன்று. காற்றின் திசையை அதுவே நிர்ணயிக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் ஓமான் கரையை ஒட்டித் தென்மேற்காகச் செல்ல முயன்ற கலங்கள் தென்மேற்குப் பருவக்காற்றை முகத்துக்கு நேராகச் சந்தித்தன என்பது தேதியைப் பெயர்த்த பிறகே விளங்கும். அவையோ மத்தியதரைக் கடலின் அமைதியான நீருக்கென உருவான தாழ்ந்த துடுப்புக் கலங்கள். மிகுதியான துடுப்பாளர்களைச் சுமப்பதால் குடிநீரும் உணவும் விரைவில் தீர்ந்துபோகும். அடிக்கடி கரையணைந்தே தீர வேண்டும். இவ்விரு செய்திகளும் விளக்கப்பட்டால் ஸெய்தி அலியின் தோல்வி ஒரு தனிமனிதரின் தவறாகத் தோன்றாது. தவறான கருவியோடு தவறான கடலுக்கு அனுப்பப்பட்ட ஒருவரின் நிலையாகத் தோன்றும். இரு போர்களும் ரமழான் மாதத்தில் நிகழ்ந்தவை என்பதும் நம் வாசகர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது.

மூன்றாவது, இடப்பெயர்கள். குஜராத் கரையை நெருங்கும் பகுதியில் 'மெங்லிர்' என்றொரு துறை வருகிறது. இதனைப் படிக்கும் தென்னிந்தியர் மங்களூரை நினைப்பது இயல்பு. ஆனால் கலங்கள் மேற்கிலிருந்து வந்து, அத்துறையைக் கடந்து, அடுத்து ஸோமநாதத்தையும் பின்னர் தியூவையும் அணுகுகின்றன. ஆகவே இது கத்தியவார் கரையின் மங்ரோல் துறையே. ஓர் அடிக்குறிப்பில் தீர்ந்துவிடும் இத்தகைய சிக்கல்கள் வாசகரைக் கடலில் திசையறியாது விட்டுவிடுகின்றன.

நான்காவது, கடற்சொற்கள். புயலை ஸெய்தி அலி 'யானைப் புயல்' என்று குறிக்கிறார். விளக்கம் இல்லாமல் படிப்பவர் இதனை ஒரு கவிஞரின் உவமை என்று கருதுவார். உண்மையில் இது கடலோடிகளின் பஞ்சாங்கச் சொல். மழைக்காலத்தின் முடிவில் இந்தியாவின் மேற்குக் கரையைத் தாக்கும் புயலைப் போர்த்துக்கீசியரும் யானையின் பெயராலேயே அழைத்தனர். ஹஸ்த நட்சத்திரத்தின் பெயர் வடஇந்திய வழக்கில் 'ஹதியா' என்று யானையோடு இணைந்து வழங்கியதே இதற்குக் காரணமென, 1886இல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதியின் வழியே அறிகிறோம். அந்த அகராதி ஸெய்தி அலியின் கூற்றையும் சான்று காட்டுகிறது. சூரியன் அத்த நட்சத்திரத்தில் நிற்பது நமது புரட்டாசி மாதத்தில். ஸெய்தி அலி புயலில் சிக்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. ஒரு சொல்லுக்குள் ஒரு பருவத்தின் அறிவு முழுதும் அடங்கியிருக்கிறது. அச்சொல்லை விளக்காமல் விடும்போது அந்த அறிவும் மறைந்துபோகிறது.

ஐந்தாவது, கவிதைகள். துருக்கி மூலத்தில் ஸெய்தி அலி தம் செய்யுட்களை இடையிடையே தருகிறார். ஆங்கிலத்தில் அவற்றுள் பல, இவ்விடத்தில் ஒரு கஸல் பாடினேன் என்ற அளவில் சுருங்கிவிட்டன. செய்தி வேண்டுவோருக்குக் கவிதை இடையூறாகத் தோன்றலாம். ஆனால் கலத்தையும் படையையும் பதவியையும் இழந்த ஒருவருக்கு எஞ்சியிருந்தது மொழி மட்டுமே. தில்லியில் ஹுமாயூன் அவருடைய சகதாய் மொழிக் கவிதைகளைக் கேட்டு அவரை இரண்டாம் அலீ ஷேர் என்று பாராட்டினார். அந்நிய அரசவைகளில் அவருக்கு வழித்துணையாகவும் வழிச்செலவாகவும் அமைந்தது அக்கவிதையே. பக்தாதிலும் முல்தானிலும் பிற ஊர்களிலும் அவர் செய்த ஸியாரத்துகளின் நீண்ட பட்டியல்களையும் இவ்வாறே காண வேண்டும். வாசகர்கள் பொதுவாகத் தாண்டிச் செல்லும் அப்பட்டியல்கள், அவர் தம் பொறுமையைத் தாங்கிக்கொண்ட விதத்தின் பதிவுகளாகும். அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது நிகழ்ச்சிகளின் வரிசை மட்டுமே.

ஒரே துன்பத்தின் இரு நூல்கள்

மேற்கண்டவற்றைக் காட்டிலும் பெரிய குறையொன்று உண்டு. ஸெய்தி அலி இத்துன்பத்திலிருந்து ஒரு நூலை மட்டும் எழுதவில்லை. அஹ்மதாபாத்தில் தங்கியிருந்தபோது, ஹிஜ்ரி 962 முஹர்ரம் மாதத்தில், 'அல் முஹீத்' என்னும் கடல்வழி அறிவியல் நூலை நிறைவு செய்தார். கலங்களை இழந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பஸராவில் காத்திருந்த மாதங்களிலும் குஜராத்தில் தங்கிய நாட்களிலும் மாலுமிகளிடம் கேட்டறிந்தவற்றை, இப்னு மாஜித், ஸுலைமான் அல் மஹ்ரீ ஆகிய அரபுக் கடலோடிகளின் நூல்களோடு இணைத்து அவர் இதனை ஆக்கினார். வழிகாட்டியின்றி இக்கடலில் இறங்கும் துருக்கியக் கப்பல் தலைவருக்குத் துணைநிற்கும் வகையில் அமைந்த நூல் இது.

இந்நூலின் உலகம் நமக்கு அந்நியமானதன்று. நட்சத்திரங்களின் உயரத்தை 'இஸ்பஃ' என்னும் விரல் கணக்கால் அளப்பதும், கடல் தூரத்தை மூன்று மணி நேர ஓட்டமாகிய 'ஸாம்' கணக்கால் குறிப்பதும் அதன் முறை. இந்த ஸாம், நாம் வழங்கும் 'சாமம்' என்னும் சொல்லோடு அளவிலும் ஒலியிலும் ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது. கப்பலின் வழிகாட்டியைக் குறிக்கும் அரபுச் சொல்லாகிய 'முஅல்லிம்' என்பதே தமிழில் 'மாலுமி' ஆயிற்று. சோழமண்டலக் கடலோடிகளை இப்னு மாஜித் தம் நூல்களில் குறிப்பிடுகிறார். ஒரே கடலின் அறிவு பல மொழிகளில் வழங்கிய காலம் அது.

வாம்பெரி தம் பதிப்பை வெளியிடுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, முஹீத் நூலின் பகுதிகளை ஹாமர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் மொழிபெயர்க்க, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் 1834 முதல் அவை வெளிவந்தன. 1897இல், அதாவது வாம்பெரிக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், அந்நூலின் நில அமைப்புப் பகுதிகள் பிட்னர், தோமாஷெக் ஆகியோரால் வரைபடங்களுடன் வியன்னாவில் பதிப்பிக்கப்பட்டன. கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துன்பநூலின் கடற்பகுதியை முஹீத் நூலின் துணையோடு விளக்கியிருந்தால், புயலில் சிக்கிய அதே மனிதர் அப்புயலை ஓர் அறிஞராக நின்று எவ்வாறு புரிந்துகொண்டார் என்பது தெளிவாகியிருக்கும். அந்த வாய்ப்பு முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை. ஒரே அனுபவத்தின் இரு பாதிகள் வெவ்வேறு நூலடுக்குகளில் பிரிந்து கிடந்தன. ஒன்று பயண இலக்கியம் எனவும் மற்றது அறிவியல் வரலாறு எனவும் பெயர் பெற்றன.

ஆசிரியரின் மௌனங்கள்

பதிப்பாசிரியரை மட்டும் குறைகூறி ஆசிரியரை முழுமையாக விடுவிப்பது நேர்மையாகாது. தன்னைப் பற்றி எழுதும் எவரும் தமக்கு வழக்கறிஞராகவும் இருக்கிறார். பீரி ரயீஸின் முடிவை அறிந்த ஸெய்தி அலிக்கு இந்நூல் ஒரு நினைவுக் குறிப்பு மட்டுமன்று. தம் நடத்தைக்கு அவர் அளிக்கும் விளக்கமும் ஆகும். எதிரியின் எண்ணிக்கை, புயலின் கடுமை, தம் வீரர்களின் உறுதி ஆகியவற்றை அவர் அழுத்திச் சொல்வதை இந்நோக்கிலும் படிக்க வேண்டும். மஸ்கத் போரில் இரு தரப்பிலும் கலங்கள் மூழ்கியதாக அவர் எழுதுகிறார். போர்த்துக்கீசிய வரலாறுகளோ ஆறு துருக்கியக் கலங்களைத் தாங்கள் கைப்பற்றியதாகக் கூறுகின்றன. எது சரி என்று தீர்ப்பளிப்பது பதிப்பாசிரியரின் வேலையன்று. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து வாசகருக்குக் காட்டுவது அவருடைய கடமை. சாட்சியத்தை எதிர்ச்சாட்சியத்தோடு நிறுத்துப் பார்க்கும் மரபைச் சேர்ந்த நாம் இதனை வலியுறுத்துவது பொருத்தமே.

மற்றொரு மௌனம் இதனினும் ஆழமானது. துடுப்பு வலித்தவர்கள் யார்? அவர்கள் என்ன உண்டனர்? கோடையின் வெப்பத்தில் எவ்வாறு தாக்குப்பிடித்தனர்? இவை பற்றி நூல் ஏறத்தாழ எதுவும் சொல்வதில்லை. ஓரிடத்தில் மட்டும் தற்செயலாக ஒரு சாளரம் திறக்கிறது. போருக்குப் பின் அரபுக் கரையில் ஒதுங்கிய கலங்களின் தலைவர்களும் வீரர்களும் இருநூறு தச்சர்களும் அங்கே நல்ல முறையில் வரவேற்கப்பட்டார்களாம். காரணம், துடுப்பாளர்கள் அரபுகளாக இருந்தனர். எதிரியின் கலங்களிலும் அரபுகள் இருந்தமையால் அவர்களுக்கும் அக்கரையில் புகலிடம் கிடைத்தது. இரண்டே வாக்கியங்கள்தாம். ஆயினும் அந்தக் கடற்போரின் முழு அமைப்பும் அவற்றில் தெரிகிறது. இரு பேரரசுகளின் கலங்களிலும் ஒரே கரையின் மக்கள் உழைத்திருக்கின்றனர். தளபதியின் துன்பத்துக்கு ஒரு நூல் கிடைத்தது. அவர்களின் துன்பத்துக்கு இவ்விரு வாக்கியங்களே கிடைத்தன. தேர்ந்த பதிப்பாசிரியர் ஒருவர் இவ்விடத்தில் நின்றிருப்பார்.

தில்லியில் 1556 ஜனவரியில் ஹுமாயூன் நூலகப் படிகளில் தவறி விழுந்து மறைந்தபோது ஸெய்தி அலி அங்கிருந்தார் என்பதும், அச்செய்தியைச் சிறிது காலம் மறைத்துவைக்க அவர் ஆலோசனை கூறினார் என்பதும் இந்திய வரலாற்று மாணவர் பலரும் அறிந்தவை. இந்நூல் இந்தியாவில் மேற்கோளாவது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்காகவே. மன்னரின் மரணம் நினைவில் நின்றது; கடலில் மாண்டவர்கள் நினைவில் நிற்கவில்லை. பதிப்பு எதனை முன்னிறுத்துகிறதோ அதுவே நினைவாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எவ்வாறு செய்திருக்கலாம்?

இந்தக் குறைகளைச் சுட்டுவது இயலாததை எதிர்பார்ப்பதாகாது. நம் சூழலிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. போர்த்துக்கீசியரின் கடலாதிக்கத்தை மலபார் கரையில் நின்று அதே நூற்றாண்டில் எழுதியவர் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம். அவருடைய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' அரபு நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபுப் பேராசிரியர் முஹம்மது ஹுஸைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1942இல் வெளியிட்டார். அதே ஆண்டில் தென்னிந்தியா பற்றிய அரபுப் புவியியலாளர்களின் குறிப்புகளைத் தொகுத்து, சிதைந்த ஊர்ப் பெயர்களை இனங்காணும் பணியையும் அவர் நூலாக்கித் தந்தார். கரையை அறிந்தவர் கரையின் நூலைக் கையிலெடுத்தால் என்ன பயன் விளையும் என்பதை அப்பணி காட்டுகிறது.

ஸெய்தி அலிக்கும் காலம் கடந்தேனும் நியாயம் கிடைத்தது. 1999ஆம் ஆண்டில் மெஹ்மெத் கிரெமித் ஆய்வுரை, மூலபாடம், சொல்லடைவு ஆகியவற்றுடன் துருக்கிப் பதிப்பை அங்காராவில் வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டில் பக்கே-கிராமோனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளியாயிற்று. முதல் மொழிபெயர்ப்பு வந்து நூற்று எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் இது நிகழ்ந்தது. அதுவரை பல தலைமுறை வாசகர்கள் அரைகுறைக் கண்ணாடியிலேயே இந்த மனிதரைப் பார்த்துவந்தனர்.

இந்நூலைத் தமிழில் தர எண்ணுவோர் ஆங்கில வடிவத்தை மட்டும் நம்பிப் பணியைத் தொடங்கலாகாது என்பதே நமது வேண்டுகோள். மூலபாடத்தோடு ஒப்புநோக்கல், ஹிஜ்ரி தேதிகளுக்கு ஓர் அட்டவணை, பருவக்காற்றைக் காட்டும் வரைபடம், கலவகைகளுக்கு விளக்கம், முஹீத் நூலிலிருந்து உரிய பகுதிகள், போர்த்துக்கீசியத் தரப்பின் கூற்று, கவிதைகளுக்கு முழுமையான பெயர்ப்பு ஆகிய இவை வேண்டும். கடற்சொற்களைப் பொறுத்தவரை நம் கரையோர ஊர்களில் வழங்கும் சொல்வளத்தைக் கேட்டறிந்து பயன்படுத்தினால் ஆங்கிலத்துக்குக் கிட்டாத துல்லியம் தமிழுக்குக் கிட்டும்.

எத்ரினேயில் ஸுல்தானைச் சந்தித்த ஸெய்தி அலி தண்டிக்கப்படவில்லை. இறந்துவிட்டதாகக் கருதி அவருடைய பதவி வேறொருவருக்கு வழங்கப்பட்டிருந்தது. எனினும் நாளொன்றுக்கு எண்பது அக்சே ஊதியமும் நிலுவைத் தொகையும் அவருக்கு அளிக்கப்பட்டன. 1562இல் அவர் மறைந்தார். தம்மோடு துன்புற்ற தோழர்கள் வற்புறுத்தியதாலேயே இந்நூலை எழுதியதாக அவர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். அந்தத் தோழர்கள் அவரிடம் வைத்த அமானிதத்தை அவர் தம்மால் இயன்றவரை நிறைவேற்றினார். அவருக்குப் பின் அது பதிப்பாசிரியர்களின் கைக்கு வந்தது. இனி அதனை ஏற்பவர்கள் நாடுகளின் கண்ணாடியோடு துன்பநூலையும் சேர்த்தே வாசகருக்குத் தர வேண்டும்.